கடல் உள்வாங்கும் காட்சி

திரையில் கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் மைக்கின் முன்னால் நின்றாள். காதில் ஹெட்போன். ஸ்டாண்டில் வசனத் தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். சவுண்ட் இன்ஜினியர் ஜெபராஜ். வயது இருபத்தெட்டு இருக்கும். பக்கத்தில் டப்பிங் இயக்குநர் ஹரிதாஸ்.

வெளிநாட்டில் எடுத்த சுனாமிப் படம். தமிழில் பேசவைத்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்நாயகிக்குப் பதினோரு வருடமாகக் கூட்டக் குரல்தான் வேலை. சந்தை இரைச்சலில், கல்யாணப் பந்தலில், தீப்பிடித்த ரயிலில் பத்தோடு பதினொன்றாக ஒரு குரல்.

இன்று முதல் தடவையாக ஒரு பாத்திரம். பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஒரு சிறுவனின் அம்மா.

"நாயகி, உங்க ஊரு நாகப்பட்டினம் பக்கந்தானே? நேர்ல பாத்தவங்களாச்சே. இப்படித்தான் இருந்துச்சா?" என்று ஹரிதாஸ் கேட்டார்.

காட்சியை ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். நீல அலை. பத்து மாடி உயரம். ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், அலறுகிறார்கள், ஓடுகிறார்கள்.

ஓட நேரம் இருக்கிறது.

"இல்ல சார். அலை இப்படி எழுந்து நிக்கல. கடலே மேல ஏறி வந்துச்சு. கறுப்பா, சேறும் சகதியுமா. யாரும் கத்தக்கூட இல்ல."

"அப்ப எல்லாமே கப்ஸாவா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மொதல்ல கடல் உள்ள போகுதுல்ல சார். அத மட்டும் சரியா எடுத்திருக்காங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில். அவளுக்குப் பதினாறு வயது.

கடல் அவ்வளவு தூரம் போய் யாரும் பார்த்ததில்லை. அதுவரை வெளிச்சமே படாத தரை பளபளத்தது. மீன்கள் துள்ளின. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

தம்பி அமிர்துக்கு எட்டு வயது. கைக்கு ஒரு மீனாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அவள் கரையில் நின்று சிரித்தாள்.

"அந்தா கெடக்கு பாரு, பெருசு! அதையும் எடுத்துட்டு வாடா!"

அவன் போனான்.

அம்மாவிடம் அவள் சொன்னது வேறு. கூப்பிட்டேம்மா, அவன் காதுல விழல.

இருபது வருடமாக அம்மா அதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்காக்காரி தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கா, பாவம்.

"போலாமா நாயகி?"

தலையசைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

கடல் உள்வாங்குகிறது. அந்த வெள்ளைக்காரி கரையில் நிற்கிறாள். மகன் டேனி ஈர மணலில் ஓடுகிறான். அவள் சிரித்தபடி அவனைப் படம் எடுக்கிறாள். தூரத்தில் ஒரு நீலக்கோடு தெரிந்த பிறகுதான் அவள் வாய் திறக்க வேண்டும்.

"டேனி! ஓடி வா!"

ஜெபராஜ் நிறுத்தினான். திரையில் வெள்ளைக்காரியின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

"அக்கா, ரொம்ப முன்னாடி பேசிட்டீங்க. அந்தம்மா இன்னும் சிரிச்சுட்டுதான் இருக்கு."

"சாரி சார்."

மறுபடி சிவப்பு விளக்கு. மறுபடி கடல் பின்னால் போனது. சிறுவன் எதையோ குனிந்து எடுத்தான்.

"அமிர்து! அது வேணாண்டா! போட்டுட்டு வந்துடு! வந்துடுடா!"

இந்த முறை ஜெபராஜ் உடனே நிறுத்தவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. நீலக்கோடு வந்தது. வெள்ளைக்காரி சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

பிறகு ஹரிதாஸின் குரல், மெதுவாக.

"யாரு நாயகி அது?"

"தம்பி சார்."

ஹரிதாஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு வேற யாரையாவது வரச்சொல்லட்டுமா? ஒண்ணும் தப்பில்லம்மா."

"வேணாம் சார். பேசிடறேன்."

"அந்தம்மா உதடு தொறக்கற வரைக்கும் பொறுத்துக்கணும். அவ்வளவுதான்."

"பொறுத்துக்கறேன் சார்."

மூன்றாவது முறை அவள் ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

கடல் போனது.

பையன் ஓடினான். குனிந்தான். எடுத்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான்.

அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

இன்னும் தள்ளிப் போனான். கண்ணை மூட முடியாது. மூடினால் அந்தப் பெண்ணின் உதடு தெரியாது.

காத்திருந்தாள்.

நீலக்கோடு தெரிந்தது. சிரிப்பு நின்றது. உதடு திறந்தது.

"டேனி! ஓடி வா! டேனி!"

சிறுவன் திரும்பினான். ஓடி வந்தான். அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஓகே! சூப்பர்க்கா, உதட்டுல அப்படியே ஒக்காந்துடுச்சு" என்றான் ஜெபராஜ்.

ஹரிதாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். தாளை மடித்தாள். கதவைத் தள்ளி அவர்கள் இருந்த பக்கம் வந்தாள். போகாமல் நின்றாள்.

"சார், ரெண்டாவதா பேசினது இருக்குமா?"

ஜெபராஜ் அடுத்த காட்சியைத் தேடிக்கொண்டிருந்தான். கண் திரையில் இருந்தது.

"அதாக்கா? அப்பவே அழிச்சிட்டேன். சின்க் இல்லயே, உதட்டோட சேரல."

பிறகுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். மௌஸிலிருந்து கையை எடுத்தான். நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அக்கா... நான் யோசிக்கலக்கா."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல தம்பி" என்றாள்.