முதுகில் ஒரு வஞ்சிரம்

"மீன் விக்கிறவ பொண்ணுன்னா முதுகுல மீன ஒட்டுவீங்களாடா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம நான் போவமாட்டேன் மேடம்!"

தலைமையாசிரியை ஹேமலதாவின் மேசைமேல் அஞ்சம்மாள் அறைந்து வைத்தது ஒரு காகித மீன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, காலி அன்னக்கூடையோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போதுதான் அதைப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளை. ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் கவிநிலா திரும்பி நிற்க, ஒரு பையன் அவள் முதுகில் மீனை ஒட்டிவிட்டுக் கைதட்டினான். சுற்றி நின்றதெல்லாம் சிரித்தது. அவ்வளவுதான், அஞ்சம்மாளுக்குக் கண்மண் தெரியவில்லை. மகள் வாயைத் திறப்பதற்குள் மீனைப் பிய்த்துக்கொண்டு, பையனையும் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

அந்தப் பையன் மதிவாணன் மூலையில் தலைகுனிந்து நின்றான்.

"காலையிலேர்ந்தே எனக்கு நேரம் சரியில்ல மேடம். ஏலத்துல என் பின்னாடி நின்னுகிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கிறாளுங்க. தெருவுக்குப் போனா அங்கயும் சிரிப்பு. என்னாடின்னா ஒண்ணுமில்லங்கறாளுங்க. சரி, என்னப் பாத்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும். எம் பொண்ணப் பாத்துமா? அவளே மீன் வாடைன்னா மூக்கப் பொத்திக்கிறவ. இன்னைக்குத்தான் அதிசயமா வெடிகாலையில எழுந்து வந்து எம் முந்தானைக்கு ஊக்கு குத்திவிட்டா. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும் நெலைக்கல பாருங்க."

ஹேமலதா ஒரு படிவத்தை நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. இவனுக்கு டிசி குடுத்துடறோம். இப்பல்லாம் விளையாட்டுன்னு எதையும் விட முடியாது. மேல கமிட்டி இருக்கு."

மதிவாணன் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது மூச்சிரைக்க உள்ளே வந்தார் பிரெஞ்சு வாத்தியார் புருஷோத்தமன். பிள்ளைகளுக்கு அவர் 'முசே'.

"மேடம், அவசரப்படாதீங்க! இது அந்த மீன் இல்ல!"

"பின்ன எந்த மீனு சார்?" மூக்குத்தி மின்ன அஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னைக்கு ஏப்ரல் ஒண்ணும்மா. நமக்கு முட்டாள் தினம், பிரெஞ்சுக்காரங்களுக்கு மீன் தினம். அசந்த நேரம் பாத்து முதுகுல காகித மீன ஒட்டிடுவாங்க. 'ஏப்ரல் மீனு'ன்னு கத்துவாங்க. நான்தான் வகுப்புல சொல்லித் தொலைச்சேன். கலெக்டர் புள்ளைக்கும் மீனுதான். இதோ, என் முதுகுல இருந்தது." பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

ஹேமலதா இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இருந்த பதினோரு மீன்களை எடுத்து மேசையில் பரப்பினார். "எல்லாம் காலையில பறிமுதல் பண்ணது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாங்க படிக்கும்போது எங்க கான்வென்ட் மதர் முதுகுலயே ஒண்ணு ஒட்டினோம். சாயங்காலப் பூசை வரைக்கும் அதோடவே நடந்தாங்க. தெரிஞ்சதும் அப்படிச் சிரிச்சாங்க! அதக் கடைசி வரைக்கும் ஜெபப் புத்தகத்துல வெச்சிருந்தாங்க. இப்ப நான் சிரிச்சா எனக்கு மெமோ வரும்."

அஞ்சம்மாள் இதையெல்லாம் கேட்கவே இல்லை. மேசையில் பரப்பிய மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யம்மாடியோவ்!"

"என்னம்மா?"

"இது வஞ்சிரம். வெலாவுல வரி பாருங்க, ஒண்ணு தப்பல. இது வவ்வா. இது சங்கரா, செவுள் செவசெவன்னு, கண்ணு முழிச்சுகிட்டு... காலையில கரைக்கு வந்தது. சாரோடது இருக்குதே, கண்ணு உள்ள போயிருக்குது பாருங்க, இது நாலு நாள் ஐஸ்ல கெடந்த மீனு!"

புருஷோத்தமன் தன் மீனை மெல்லத் திருப்பி வைத்தார்.

"கையால தொட்டுப் பழகாதவங்களுக்கு இது வராது மேடம். முப்பது வருசமா விக்கிற எனக்கே உடம்பு சிலுக்குது. டேய் தம்பி, நீயா வரைஞ்ச?"

"நான் ஒட்டினது மட்டும்தான் ஆன்ட்டி."

"வரைஞ்ச கையக் காட்டு. நான் அதப் பாக்கணும்."

மதிவாணன் ஹேமலதாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "சொன்னா அவளுக்கும் டிசி குடுத்துடுவாங்க."

"எவளுக்கு?"

"கவிநிலாவுக்கு. எல்லாமே அவதான் வரைஞ்சா. எல்லாருக்கும் ஒட்டிட்டோம், எனக்கு மட்டும் இல்லையேன்னு அவதான் திரும்பி நின்னா. வஞ்சிரம்தான் வேணும்னு கேட்டா."

அஞ்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணா? கூடையத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாளே..."

"தெனம் உங்க கூடையப் பாத்துப் பாத்துத்தான் கத்துகிட்டாளாம் ஆன்ட்டி."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. படிவத்தைத் தள்ளிவிட்டாள். மதிவாணன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். வஞ்சிரத்தை மட்டும் மடக்காமல் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ளைங்கள ஒண்ணும் செய்யாதீங்க மேடம், நல்லா இருப்பீங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

புருஷோத்தமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமலதா அவசரமாக உதட்டில் விரலை வைத்து, இன்னொரு கையால் பொங்கிவந்த சிரிப்பைப் பொத்திக்கொண்டார்.

விடியற்காலையில் மகள் குத்திவிட்ட ஊக்கில், அஞ்சம்மாளின் முதுகு நிறைய, அவளுடைய அதே மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய காகிதச் சுறா ஆடியாடிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் எழுதியிருந்தது: 'எங்கம்மா. ஐஸ் வைக்காதது.'