பிறந்த தேதி கேட்கிறான்

"பிறந்த தேதியா? போடாதே!" என்றார் ஜம்புநாதன்.

மேக்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்கத்தா டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து சைபர் கஃபேயில் இடம் கிடைக்கவே ஒரு மணி நேரம் காத்திருந்தாள். எத்தனை நாள்தான் தற்காலிக டீச்சராகவே இருப்பது? பெங்களூர் கம்பெனி ஒன்று விண்ணப்பத்தை ஈமெயிலில்தான் அனுப்பச் சொல்லியிருந்தது. இன்று ஐந்து மணி கடைசி. இப்போதே நாலேகால். இன்னும் ஈமெயில் கணக்கே தொடங்கியபாடில்லை.

"போடலேன்னா அடுத்த பக்கம் வராதுப்பா."

"அப்போ ஏதோ ஒரு தேதியைப் போடு. காசு வாங்காம கணக்குத் தரான்னா சும்மாவா? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற கூட்டம்!"

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனுஷர். தெருவில் மணி கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறான் என்று யோசிப்பார்.

மேக்னா என்னவோ ஒரு தேதியைத் தட்டினாள். ஒரே நொடியில் நாற்பது வயசுக்காரி ஆனாள்.

விலாசம்? ஹவுரா ஸ்டேஷன் என்று போடச் சொன்னார். ஃபோன் நம்பர்? ஏழு பூஜ்யம்.

"மாச வருமானம் கேக்கறாம்பா."

"வயசுப் பொண்ணோட சம்பளத்தைக் கேக்கறானா? மானங்கெட்ட பய!"

பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாஸ்வேர்டு மறந்துபோனா கேக்கறதுக்காம். அம்மா பிறந்தாத்துப் பேர்..."

"உங்கம்மா பிறந்தாத்து சமாசாரம் இவனுக்கு எதுக்கு? நானே கேக்கறதில்லே!"

"தூர்!" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டாள். "அப்பா, என் பேராவது நிஜமா இருக்கட்டும். வேலை கொடுக்கறவன் யாரைக் கூப்பிடுவான்?"

ரொம்ப யோசித்து அதற்கு மட்டும் தலையாட்டினார்.

லைன் இரண்டு தடவை அறுந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது நாலு ஐம்பத்தெட்டு. மேக்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும், பெற்ற பெண்ணைப் பற்றி ஊர் பேர் தெரியாதவனிடம் ஒரு வார்த்தை சொல்ல விடாமல் இப்படிக் காவல் காக்கிறாரே என்று மனசு கொஞ்சம் இளகவும் செய்தது.

எழுந்திருக்கப் போனாள்.

"இரு, இரு. கணக்குதான் ஆரம்பிச்சாச்சே!" ஜம்புநாதன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "இதை அப்படியே டைப் பண்ணி, கீழே எழுதியிருக்கற முப்பத்திரண்டு பேருக்கும் அனுப்பிடு."

பிரித்தாள். அவள் பிறந்த தேதி, நிமிஷம் பிசகாமல் நேரம், நட்சத்திரம், உயரம், நிறம், சம்பளம், வீட்டு விலாசம், ஃபோன் நம்பர், அம்மா பிறந்தாத்து வம்சாவளி. ஒன்று விடவில்லை.

"இவாள்லாம் யாருப்பா?"

"யாருக்குத் தெரியும்? பொண்ணு தேவைன்னு பேப்பர்ல போட்டிருந்தா!"