ரத்தத்தில் தெரியுமா?

“வழக்கமா எடுக்கிற ரத்த டெஸ்ட்லயே, கேன்சர் இருந்தா தெரிஞ்சிடுமா டாக்டரம்மா?”

மேசைமேல் நின்ற கறுப்பு நாய் வாலை ஆட்டியது. இரண்டு வயது இருக்கும். பல் பளிச்சென்று இருந்தது, ஈறு நல்ல சிவப்பு. கூட்டி வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். விரல் மடிப்புகளில் கிரீஸ் கறுப்பு.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

“பெரும்பாலும் தெரியாது சார். கிட்னி, கல்லீரல், சர்க்கரை, ரத்தசோகை இதெல்லாம் தெரியும். கேன்சரை நேரா காட்டிக் கொடுக்கிற டெஸ்ட் இது இல்ல. ரத்தத்துலயே வர்ற சில வகைக்கு ஒரு துப்பு கிடைக்கலாம். மத்ததுக்கு ஸ்கேன் எடுக்கணும், கட்டியில ஊசி விட்டுப் பார்க்கணும்.”

இதைக் கேட்பவர்களுக்கு வழக்கமாக முகம் சுருங்கும். இவருக்கு மலர்ந்தது.

“தெரியாதா?” என்றார், இன்னும் சத்தமாக.

கேள்வி டாக்டரிடம். முகம் கதவுப் பக்கம்.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே, எடை பார்க்கும் மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் மெக்கானிக்கின் மகள் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓட்டி வந்தவள் அவள்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கவில்லை.

“மண்ணீரல்ல கட்டின்னு வச்சுக்குங்க. முன்கூட்டியே ரத்தம் எடுத்திருந்தா?”

டாக்டர் நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தன.

“இவனுக்கு ஒண்ணும் இல்லையே சார்.”

“இவனுக்கு இல்லம்மா.” குரல் தணிந்தது. “எங்க பழைய நாய், வெல்லம். பொண்ணு தூக்கி வளர்த்தது. செக்கப்புக்கு ரெண்டு தடவ அப்பாயின்ட்மென்ட் வாங்கினா, ஆபீஸ் வேலைன்னு ரெண்டு தடவையும் தள்ளிப் போட்டா. ஒரு நாள் காலைல எழுந்து வந்தவன் அப்படியே சுருண்டு விழுந்துட்டான். கட்டி உடைஞ்சு உள்ளயே ரத்தம். அன்னைலேர்ந்து இவ சரியா சாப்பிடறதில்ல. நான் ஏதாவது சொன்னா, ‘உங்களுக்கு என்னப்பா தெரியும்’ங்கறா.”

அவர் பார்வை மறுபடியும் கதவுக்குப் போய்த் திரும்பியது.

மகளிடம் சொல்வதுபோல் மருமகளுக்குச் சொல்லும் மாமியார்களை டாக்டருக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்பதுபோல் மகளுக்குச் சொல்லும் அப்பாவை இப்போதுதான் பார்க்கிறார்.

நாயின் வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

மண்ணீரல் கட்டி உடைவதற்கு முன்பே சில நாய்களுக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சிவப்பணு குறையும். பார்ப்பவருக்குச் சந்தேகம் தட்டினால் ஸ்கேனுக்கு அனுப்புவார். பல நாய்களுக்கு அந்தச் சாடைகூட இருக்காது. ரிப்போர்ட் துடைத்துவிட்டாற்போல் வரும். அடுத்த வாரம் நாய் சுருண்டு விழும். இரண்டு ரகமும் இந்த மேசைக்கு வந்திருக்கின்றன.

வெல்லம் எந்த ரகம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வெளியே நாற்காலி நகர்ந்தது. மகள் வாசலில் வந்து நின்றாள்.

“எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா மேடம்?”

அப்பா நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்யத் தொடங்கினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“தெரிஞ்சிருக்காதும்மா.” டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். “எல்லாம் நார்மல்னு வந்திருக்கும். நீயும் நிம்மதியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பே.”

மகள் தலையசைத்தாள். அழவில்லை. யாரோ கேட்ட கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பிறகு சொன்னாள்.

“பசிக்குதுப்பா. போலாமா?”

மெக்கானிக் நாயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். டாக்டரைப் பார்த்து நன்றியோடு தலை தாழ்த்தினார். ரத்தம் எடுக்க வந்த ஞாபகமே இல்லாமல் மகளின் பின்னால் போய்விட்டார்.

உதவியாளர் மேசையைத் துடைக்க வந்தாள். பிரிக்காத ஊசியை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டாள்.

“இந்த நாய்க்குப் போன வாரம்தானே மேடம் ரத்தம் எடுத்தேன்? கால்ல முடி மழிச்ச இடம்கூட இன்னும் வளரல. அன்னைக்கு ஒரு டீச்சர் கூட்டிட்டு வந்தாங்க, அவங்க நாய்னு.”

“ஆமா. வந்தப்பவே பார்த்தேன்.”

“அப்போ இவர் அவங்க வீட்டுக்காரரா?”

டாக்டர் குழாயைத் திறந்து கை கழுவினார்.

“இல்ல. பக்கத்து வீடா இருக்கும், பொண்ணு காதுல விழணும்னு நாயை இரவல் வாங்கிட்டு வந்திருக்கார். அவருக்கு இப்போ நாயே கிடையாது.”