பூ வைத்த இடம்

"தலைய ரொம்பக் குனியாதடி" என்று அம்மா கொளஞ்சியம்மாள் காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டாள்.

பூ வைக்க வந்த கூட்டத்தின் நடுவே பலகையில் உட்கார்ந்திருந்தாள் பதினைந்து வயது சிந்தாமணி.

பின்னங்கழுத்தில், மயிர் தொடங்குகிற இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கழலை. சடையைத் தளரப் பின்னி அம்மா அதை மறைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் தங்கை ஜானகி பூத்தட்டோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். இனி விரல் பட வேண்டியதுதான் பாக்கி.

உடையார்பாளையத்து வரன் இந்தக் கழலையைக் கேள்விப்பட்டுத்தான் தட்டிப்போனது.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல, எப்ப வேணும்னாலும் அறுத்துக்கலாம். ஆறுறதுக்குத்தான் பத்து நாளாவும்" என்று அரியலூர் டாக்டர் சொல்லியிருந்தார். பூ வைக்கிற நாளுக்குள் அறுத்து ஆறிவிட வேண்டும் என்று அம்மா துடியாய்த் துடித்தாள்.

அங்கே வெள்ளிக்கிழமைகளில்தான் அறுப்பார்கள். முதல் வெள்ளிக்கிழமை, மரத்துப்போகிற ஊசி மருந்தெல்லாம் வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வெள்ளி அமாவாசை. கத்தி படக்கூடாது என்றார் அப்பா. மூன்றாவது வெள்ளி, வண்டி பூட்டுகிற நேரத்தில், தூரமாகிவிட்டேன் என்று சிந்தாமணி மாட்டுக்கொட்டகை ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதோடு நாள் தீர்ந்துபோனது.

ஜானகி சடையைத் தூக்கினாள்.

சிந்தாமணி குனிந்தாள். எதிரே அம்மா கண்ணை உருட்டுவது தெரிந்தும், மோவாய் நெஞ்சில் முட்டும்வரை குனிந்தாள்.

விரல் பட்டது. அப்படியே நின்றது.

சிந்தாமணி மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

ஜானகியின் வாய் காதருகே வந்தது.

"பயப்படாதீங்க அண்ணி. கண்ணாலம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போயி அறுத்து வுடுறேன். யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டேன்."

கனகாம்பரச் சரம் கழலையைச் சுற்றி இறுக்கமாக ஏறியது. யாரோ குலவை போட்டார்கள்.

சிந்தாமணிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அடியாத்தி, பொண்ணுக்கு சந்தோசத்தப் பாரு!" என்று கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

மாட்டுக்கொட்டகை ஓரம் பொய்யாக உட்கார்ந்திருந்த மூன்று நாளும் வீணாய்ப் போயின.

கதவோரமாக நின்று மாப்பிள்ளையின் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் பதினைந்துதான்.