மணல் மேட்டில் ஒரு தேநீர்

"உயிரே போனாலும் சரி, உங்க அண்ணன் கயித்துல என் வண்டி ஏறாது!"

வார்விக் ஆத்திரத்தில் மணலை ஓங்கி உதைத்தார். மணல் அவர் வாயிலேயே வந்து விழுந்தது.

சிம்சன் பாலைவனத்தின் அந்தச் சிவப்பு மேட்டில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வண்டி படுத்துக்கொண்டது. நான்கு சக்கரமும் பாதி மணலுக்குள் இருந்தன.

"டயர்ல கொஞ்சம் காத்த இறக்கினா ஏறிடுமேங்க" என்றாள் மனைவி நொலீன்.

"காத்து இறக்குறதெல்லாம் சிட்னிக்காரன் வேலை. எங்கப்பா இதே மணல்ல காத்து இறக்காமத்தான் போனாரு, தெரியுமா?"

"உங்கப்பா ஒட்டகத்துல போனாரு."

வார்விக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலையெல்லாம் பின்னால் வந்துகொண்டிருந்த மச்சான் டெஸ்மண்டைப் பற்றியது. கிறிஸ்துமஸ் அன்று மொத்தக் குடும்பமும் பார்த்திருக்க, கறி சுடும் பார்பெக்யூ அடுப்பின் முன்னால் இடுக்கியோடு நிற்பதைவிடப் பெரிய பதவி அந்த வீட்டில் கிடையாது. மாமனார் சாகும்போது இடுக்கியைப் பெற்ற மகனிடம் கொடுக்காமல் மருமகன் கையில் கொடுத்துவிட்டார். டெஸ்மண்டுக்கு அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. அதனால்தான் கிளம்பும்போதே பேச்சு: இந்தப் பயணத்தில் யார் வண்டி அடுத்தவன் கயிற்றில் இழுபடுகிறதோ, அவனுக்கு ஆயுசுக்கும் இடுக்கி கிடையாது.

"நாற்காலிய எடு. அடுப்பை மூட்டு. நாம மாட்டிக்கல. டீ குடிக்க நிறுத்தியிருக்கோம்" என்றார் வார்விக்.

மேட்டின் உச்சியில் நாற்காலிகளை வண்டிக்கு முதுகு காட்டிப் போட்டார். சக்கரம் தெரியாமலிருக்கப் போர்வை, துண்டு, தன் பைஜாமா எல்லாவற்றையும் வண்டியைச் சுற்றித் தொங்கவிட்டார்.

சற்று நேரத்தில் டெஸ்மண்டும் அவர் மனைவி மேவிஸும் மூச்சிரைக்க நடந்தே மேலேறி வந்தார்கள்.

"வண்டி எங்க மச்சான்?" என்றார் வார்விக்.

"கீழயே நிறுத்திட்டேன் மாப்ளே. நடந்தா காலுக்கு நல்லதாம்."

வார்விக்குக்குப் பகீரென்றது. வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குக்கூட நடக்காத ஆள். மோப்பம் பிடிக்கத்தான் வந்திருக்கிறான்!

"என்ன மாப்ளே, பாலைவனத்துல துணி துவைச்சியா?"

"சும்மா காத்தாடப் போட்டிருக்கேன். டீ குடி."

டெஸ்மண்ட் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"இருட்டுறதுக்குள்ள நீ முன்னால கெளம்பு மச்சான். நான் பின்னாலயே வந்துடறேன்."

"அதெப்படி? எப்பவும் நீதானே முன்னால போவே. நீ கெளம்பு."

"வயசுல பெரியவன் நீ."

"இடுக்கி வச்சிருக்கிறவன் நீ."

பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, பிஸ்கட் எடுத்துட்டு வரேன்" என்று நொலீன் வண்டிப் பக்கம் போனாள். "என் தொப்பி வண்டியில இருக்கு" என்று மேவிஸ் மேட்டை விட்டு இறங்கினாள்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

வார்விக் துள்ளிக் காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். "பாம்பு! நொலீன், பாம்பு!"

"ஒண்ணுமில்லீங்க, சோடா பாட்டில் தொறந்தேன். திரும்பாம டீயக் குடிங்க!"

கீழேயிருந்தும் அதேபோல் ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்டது. "அங்கயும் சோடாவா?" என்றார் வார்விக். "மேவிஸுக்கு வாயுத் தொல்லை, சோடா இல்லாம இருக்க மாட்டா" என்றார் டெஸ்மண்ட். ஆனால் அவரும் காலைத் தூக்கித்தான் வைத்திருந்தார்.

வெயில் சாயத் தொடங்கியது. டெஸ்மண்ட் ஆறிப்போன டீயையும் விடவில்லை. "இடம் ஜோரா இருக்கு மாப்ளே. ராத்திரி இங்கயே தங்கிடலாமா?" என்றார்.

வார்விக்கால் அதற்குமேல் முடியவில்லை. பூனை எலியை வைத்து விளையாடுவதுபோல் எவ்வளவு நேரம்தான் விளையாடுவான் இவன்?

"போதும் மச்சான். உனக்குத்தான் தெரிஞ்சு போச்சே. என் வண்டி மாட்டிக்கிச்சு. இடுக்கிய நீயே வச்சுக்கோ. கயித்தப் போட்டு இழு."

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"இழுக்கறதா? எதை வச்சு? என் வண்டி கீழ அச்சு வரைக்கும் புதைஞ்சு கெடக்கு. நீ கெளம்பித் தொலைஞ்சதும் திருட்டுத்தனமாத் தோண்டிடலாம்னுதான்யா வயிறு முட்ட இத்தனை டீ குடிச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின் உறுமியது. கீழே இன்னொன்று உறுமியது. பைஜாமா கொடிபோல் பறக்க வார்விக்கின் வண்டியும், அதன் பின்னாலேயே டெஸ்மண்டின் வண்டியும், காற்று இறங்கித் தொப்பையாய்ப் பிதுங்கிய டயர்களோடு வழுக்கிக்கொண்டு உச்சிக்கு வந்து நின்றன. முதல் வண்டியில் நொலீன், அடுத்ததில் மேவிஸ்.

நொலீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு இடுக்கிய நானும் அண்ணியும் பாத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிங்க, இன்னிக்குத்தான் நல்லாப் பழகிட்டீங்களே!"