ஆறாவது படி

"ஒரு வாரத்துக்குள்ள அந்த நாய்க்குட்டிய எங்கயாவது விட்டுடுங்க மேடம்" என்று குடியிருப்பின் செயலாளர் வரதன் சொன்ன ஆறாவது நாள், எஸ்தர் இன்னொரு நாயோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாய்கள் காப்பகத்தில் வளர்க்க யாரும் கேட்காமலே வயசாகிப்போய், முகமெல்லாம் நரைத்த நாய்.

"ஒண்ண விடச் சொன்னா ரெண்டாக்கிட்டு வர்றீங்களே!"

"தனியா விட்டுட்டு வேலைக்குப் போறதாலதான் குலைக்குதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. துணை கூட்டிட்டு வந்துட்டேன்."

நாய்கள் லிப்டில் ஏறக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் லிப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. எஸ்தரின் வீடு நாலாவது மாடியில். குட்டியைக் கீழே கொண்டுவந்து, வாசலிலேயே இரண்டையும் மோந்து பழகவிட்டு, படியேறினாள். குட்டி வழக்கம்போல அவளையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கிழநாய் ஐந்து படி ஏறி, ஆறாவதில் உட்கார்ந்துவிட்டது. குட்டி திரும்பிப் பார்த்தது. இறங்கி வந்து அதன் விலாவோடு ஒட்டி உட்கார்ந்தது. குலைக்கவே இல்லை. எஸ்தரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி முழுசாக அடைபட்டது.

வரதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் லிப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதுல போயிடுங்க மேடம்."

"நாளைக்கும் அதுக்கு இதே கால்தான் சார்."

அவள் எழுந்திருக்கவில்லை. லிப்டின் கதவு அவர் கையில் இடித்து இடித்து விலகியது. இன்னொரு கை நோட்டீஸின் ஓரத்தைப் பிடித்திருந்தது.