குதிருக்கு முன்னால்

அங்கம்மாள் வீட்டுக் கூரை ஓட்டை வழியாக உச்சி வெயில் தானியம் சேர்த்துவைக்கும் மண்குதிரின் மேல் வட்டமாக விழுகிறது. குன்னம் பக்கத்து விளைச்சல் வரலாற்றை எழுதிவரும் வாத்தியார் ஞானப்பிரகாசம், குதிரில் விரலால் தட்டியபடி, "எத்தனை கலம் பிடிக்கும்மா?" என்று கேட்கிறார். யுத்தத்துக்குத் தானியம் பறிக்க வரும் அதிகாரிகளும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கம்பு இடித்துக்கொண்டிருந்த அங்கம்மாள் உலக்கையோடு வந்து வாசலை மறிக்கிறாள். "நான் வாத்தியாரும்மா. சரித்திரம் எழுதறேன்." "அடுத்த வூட்டுலயும் எழுதத்தான் செஞ்சாங்க. சாயங்காலமே வண்டி வந்துருச்சு." அவர் குதிரிலிருந்து கையை எடுக்கிறார். "வேணாம்மா, நான் போயிடறேன்." அவள் நகரவில்லை. "போயி யாருகிட்ட சொல்லுவீங்க?" உலக்கையைக் குறுக்கே நீட்டுகிறாள், நுனியில் ஒட்டியிருந்த கம்பு மாவு அவருடைய பாதத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது.